இல்லை என்பதும் ஓர் அளவை

மணிமேகலையில், சமயக்கணக்கர் தந்திறங் கேட்ட காதையில், வஞ்சி மாநகரத்து அளவைவாதி அறிவு பெறும் வழிகள் பத்து என்று வரிசைப்படுத்துகிறான். காண்டல் முதலாவது; கருதல் இரண்டாவது. அவ்வரிசையில் எட்டாவதாக நிற்பது அபாவம். ஓரிடத்தில் ஒரு பொருள் இல்லை என்று அறிவதும் அறிவே என்பது அதன் கருத்து. மீமாஞ்சை வழியினர் இதற்கு ஒரு நிபந்தனையும் வகுத்தனர். அப்பொருள் அங்கே இருந்திருக்குமானால் நமக்குத் தெரிந்தே தீரும் என்ற நிலை இருந்தால்தான், காணாமை இன்மைக்குச் சான்றாகும். பகல் வெளிச்சத்தில் தரையைப் பார்த்துக் குடம் இல்லை என்று சொல்லலாம். இருட்டறையில் நின்றுகொண்டு அவ்வாறு சொல்ல இயலாது.

இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலரில் துகள் இயற்பியலுக்கு என்ன இடம் என்று அன்பர்கள் வினவக்கூடும். கவிதை எழுதுவோருக்கும் இயற்பியலாருக்கும் பொதுவான சொல் ஒன்று உண்டு. அது அழகு என்பது. சென்ற ஐம்பது ஆண்டுகளில் உலகின் தலைசிறந்த இயற்பியலார் பலர் ஒரு கோட்பாட்டை, அதற்கு நேரடிச் சான்று ஒன்றுகூட இல்லாத நிலையிலும், அதன் அழகு கருதியே பெரிதும் நம்பினர். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நிலத்தடியில் வளையம் வளையமாக எந்திரங்கள் அமைத்து அதனைத் தேடினர். இதுவரை கிடைத்த விடை 'இல்லை' என்பதே. அந்த 'இல்லை' எவ்வாறு ஈட்டப்பட்டது, அதன் மதிப்பு என்ன என்பதை வரலாற்று முறையில் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வென்ற கொள்கையும் எஞ்சிய வினாக்களும்

பொருள்களின் அடிப்படைத் துகள்களைப் பற்றி இன்று நிலைபெற்றிருக்கும் கொள்கைக்கு ஸ்டாண்டர்டு மாடல் என்று பெயர். தமிழில் அதனைத் திட்ட மாதிரி எனலாம். ஷெல்டன் கிளாஷோ, ஸ்டீவன் வைன்பர்க், அப்துஸ் சலாம் ஆகியோர் 1960களில் அதன் நடுத்தூணை நிறுவினர்; 1970களில் குவார்க்குகளைப் பிணைக்கும் வலிய விசையின் கொள்கையும் சேர்ந்து அது முழுமை பெற்றது. ஆறு குவார்க்குகள், ஆறு லெப்டான்கள், விசைகளைச் சுமக்கும் துகள்கள், அடிப்படைத் துகள்கள் பலவற்றுக்கு நிறை வழங்கும் ஹிக்ஸ் புலம் என்பன அதன் உறுப்புகள்.

இக்கொள்கை முன்னறிந்து சொன்னவை ஒவ்வொன்றாக மெய்ப்பட்டன. 1979இல் குளுவான் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் வெளிப்பட்டது. 1983இல் டபிள்யூ, இசட் எனப்படும் துகள்கள் செனீவா அருகேயுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் அகப்பட்டன. 1995இல் டாப் குவார்க் சிகாகோவை அடுத்த ஃபெர்மி ஆய்வுக்கூடத்தில் கண்டறியப்பட்டது. 2012 ஜூலை 4ஆம் நாள் ஹிக்ஸ் துகள் செர்னில் அறிவிக்கப்பட்டது. அறிவியல் வரலாற்றில் இத்துணைத் தொடர் வெற்றி பெற்ற கொள்கைகள் மிகச் சிலவே.

ஆயினும் அது முடிந்த முடிபு அன்று. ஈர்ப்பு விசைக்கு அதில் இடமில்லை. அண்டத்தில் நாம் அறிந்த பொருளைப்போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு நிறைந்திருக்கும் கரும்பொருள் எதனால் ஆனது என்பதற்கு அதில் விடையில்லை. நியூட்ரினோக்களுக்கு நிறை உண்டு என்பதை 1998இல் ஜப்பானின் சூப்பர் காமியோகாண்டே ஆய்வு காட்டிற்று. பழைய வடிவத்தில் இக்கொள்கை அதனை எதிர்பார்க்கவில்லை. பொருளும் எதிர்ப்பொருளும் சமமாகத் தோன்றியிருந்தால் ஒன்றையொன்று அழித்திருக்கும். ஆனால் நாம் இருக்கிறோம். அதற்கும் போதிய காரணம் இக்கொள்கையில் இல்லை.

இவற்றினும் நுட்பமான வினா ஒன்று உண்டு. ஹிக்ஸ் துகளின் நிறை ஏன் இவ்வளவு சிறிது என்பதே அது. குவாண்டம் விதிகளின்படி, அத்துகள் தொடர்புகொள்ளும் ஒவ்வொரு துகளும் அதன் நிறையைத் திருத்துகிறது. ஈர்ப்பு விசை வலிமை பெறும் ஆற்றல் எல்லை ஹிக்ஸ் நிறையைவிட ஏறத்தாழ ஒன்றின்பின் 17 சுழிகள் இட்ட மடங்கு பெரிது. அத்தொலைவுவரை வேறெதுவும் இல்லையெனின் திருத்தங்களும் அவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும். அவை ஒன்றையொன்று துல்லியமாகக் கழித்து, இத்துணைச் சிறிய எச்சத்தை விட்டிருக்க வேண்டும். ஒரு வணிகரின் ஓராண்டு வரவும் செலவும் பல்லாயிரம் கோடியாக இருந்து, கணக்கு முடிவில் கையில் எஞ்சியது ஒரே ஒரு காசு என்றால், அதனைத் தற்செயல் என்று யார் ஒப்புவர்? ஏதோ ஓர் ஏற்பாடு உண்டு என்றே ஐயுறுவோம். இயற்பியலாரும் அவ்வாறே ஐயுற்றனர்.

அழகின் பிறப்பு

அந்த ஏற்பாடு என்று முன்வைக்கப்பட்டவற்றுள் தலையாயது மீச்சமச்சீர்மை. சூப்பர்சிம்மெட்ரி என்பது அதன் உலகப் பெயர். இயற்கையின் துகள்கள் இருகுலத்தவை. பொருளை ஆக்கும் எலெக்ட்ரான், குவார்க் முதலியவை ஃபெர்மியான்கள். விசையைச் சுமக்கும் ஒளித்துகள் முதலியவை போசான்கள். பின்னதன் பெயர் நம் நாட்டு சத்தியேந்திரநாத் போஸின் நினைவாக டிராக் இட்டது. ஃபெர்மியான்கள் ஒரே நிலையில் இரண்டு இருக்கமாட்டா. போசான்கள் எத்தனையாயினும் கூடி நிற்கும். இவ்விரு குலமும் ஒரே பெரிய சமச்சீரின் இரு முகங்கள் என்பதே மீச்சமச்சீர்மையின் கூற்று. அதன்படி ஒவ்வொரு துகளுக்கும் மறுகுலத்தில் ஓர் இணை உண்டு. இணையின் திருத்தம் மூலத்தின் திருத்தத்தைக் கழித்துவிடும். ஹிக்ஸ் நிறை இயல்பாகவே சிறிதாக நிற்கும். வணிகரின் கணக்கில் ஒவ்வொரு வரவுக்கும் எதிரே ஒரு செலவு எழுதப்பட்டிருப்பது போன்றது இது.

இக்கருத்தின் பிறப்பு வரலாறே ஒரு துன்பியல். 1971இல் மாஸ்கோவில் யூரி கோல்ஃபாண்டும் அவர் மாணவர் லிக்ட்மனும் இதன் கணிதத்தை முதலில் வெளியிட்டனர். மறுஆண்டு வோல்கோவும் அகுலோவும் வேறொரு வழியில் இதனை அடைந்தனர். மேலை நாடுகளில் இவை கவனிக்கப்படவில்லை. சில ஆண்டுகளுக்குள் கோல்ஃபாண்ட் தம் பணியை இழந்தார், நாட்டைவிட்டு வெளியேற அனுமதி கேட்டு நெடுங்காலம் காத்திருந்து 1990இல் இசுரேல் சேர்ந்தார், 1994இல் மறைந்தார். இதற்கிடையே 1974இல் ஜூலியஸ் வெஸ், புரூனோ சுமினோ இருவரும் தனித்துக் கண்டு வெளியிட்ட கட்டுரையே உலகின் கண்களைத் திறந்தது. 1981இல் சவாஸ் டிமோபௌலோஸ், ஹோவர்ட் ஜார்ஜி ஆகியோர் திட்ட மாதிரியுடன் இதனை இணைத்துச் சோதனைக்குரிய வடிவம் தந்தனர்.

அதன்பின் இக்கோட்பாட்டுக்கு வரங்கள் குவிந்தன. இணைத்துகள்களுள் மிக இலேசானது சிதையாமல் நிலைத்திருக்கக்கூடும் என்பதால், கரும்பொருளுக்கு அதுவே தகுந்தது என்று கருதப்பட்டது. 1991இல் அமால்டி, டி போயர், ஃபுர்ஸ்டெனாவ் மூவரும் செர்னின் புதிய அளவீடுகளைக்கொண்டு ஒரு கணக்கிட்டனர். மூன்று விசைகளின் வலிமைகளை உயர்ந்த ஆற்றலுக்கு நீட்டிப் பார்த்தால், திட்ட மாதிரியில் அவை ஒரு புள்ளியில் கூடவில்லை. மீச்சமச்சீர்மையைச் சேர்த்தால் கூடின. மூன்று கோடுகள் ஒரே புள்ளியில் சந்திக்கும் அந்தப் படத்தைக் கண்டவர்கள், இத்துணை அழகு பொய்யாகுமா என்று எண்ணியதில் வியப்பில்லை.

மோதலில் எச்சம்

அழகு வழக்கை எழுப்பலாம். தீர்ப்பளிக்க வேண்டியது சான்று. அச்சான்றைத் தேடும் களம் மோதல் முடுக்கி. புரோட்டான்களையோ எலெக்ட்ரான்களையோ ஒளியின் வேகத்தை ஒட்டி ஓட்டி, எதிரெதிரே மோதவிட்டால், மோதலின் ஆற்றல் புதிய துகள்களாக உருமாறும். அவை பெரும்பாலும் கணத்தின் நுண்பகுதிக்குள் சிதைந்துவிடும். சிதறியவற்றைச் சுற்றிலும் உள்ள உணர்கருவிகள் பதிவு செய்யும்.

மீச்சமச்சீர்மையின் இலேசான துகள் இருந்தால் அது எக்கருவியிலும் படாது, ஊடுருவிப் போய்விடும். காணாததை எவ்வாறு காண்பது? இங்கேதான் ஓர் அழகிய உத்தி பயன்படுகிறது. மோதுவதற்குமுன் துகள்களுக்குப் பக்கவாட்டு உந்தம் இல்லை. ஆகவே மோதிய பின்னும் எல்லாப் பக்கவாட்டு உந்தங்களையும் கூட்டினால் சுழியே வரவேண்டும். ஒருபுறம் பெரும் தாரையாகத் துகள்கள் பாய்ந்திருக்க, மறுபுறம் ஒன்றுமில்லையெனின், காணாத ஏதோ ஒன்று அத்திசையில் போயிருக்கிறது. தொல்காப்பியர் செய்யுள் உறுப்புகளுள் ஒன்றாக எச்சத்தை வைத்தார். சொல்லப்படாமல் நின்று, சொன்னவற்றால் உணரப்படுவது அது. மோதல் முடுக்கியின் கணக்கிலும் எச்சமே முதன்மையான தடயம்.

ஆனால் எச்சம் எல்லாம் புதுமை அன்று. நியூட்ரினோவும் கருவியில் படாமல் போகும். கருவியின் ஓர் இடுக்கில் விழுந்த துகளும் காணாமற்போனதாகவே கணக்கில் வரும். இவற்றைப் பின்னணி என்பர். பின்னணி எவ்வளவு என்று முன்கூட்டியே துல்லியமாகக் கணக்கிட்டால்தான், மிகுதி உண்மையா என்று சொல்ல முடியும். இந்தப் பாடம் 1984இல் கடுமையாகக் கற்பிக்கப்பட்டது.

1984: ஒற்றைத் தாரைகள்

டபிள்யூ, இசட் துகள்களைக் கண்டறிந்த யு.ஏ.1 குழுவின் தலைவர் கார்லோ ரூபியா 1984இல் சைமன் வான் டெர் மீருடன் நோபல் பரிசு பெற்றார். அதே ஆண்டில் அக்குழு மற்றொரு செய்தியையும் வெளியிட்டது. ஒருபுறம் ஒற்றைத் தாரை; எதிர்ப்புறம் பெரும் எச்சம். இத்தகைய நிகழ்வுகள் ஒரு சில பதிவாகியிருந்தன. மீச்சமச்சீர்த் துகள்களின் வருகையாக இருக்கலாம் என்று கட்டுரைகள் பெருகின.

பின்னர் நிதானமாகக் கணக்குப் பார்க்கப்பட்டது. இசட் துகள் இரு நியூட்ரினோக்களாகச் சிதைந்து, கூடவே ஒரு தாரை தோன்றினால் இதே காட்சி கிடைக்கும். டபிள்யூ துகள் டௌ லெப்டானாகச் சிதைந்தாலும் ஏறக்குறைய இதுவே. தனித்தனியே சிறியவையான இத்தகைய வழிகளை எல்லாம் கூட்டியபோது, கண்ட நிகழ்வுகள் அனைத்தும் அவற்றுள் அடங்கிவிட்டன. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் புதிய தரவும் வந்து ஒற்றைத் தாரைப் பேச்சு ஓய்ந்தது. ஆர்வத்தோடு பார்க்கும் கண் தான் விரும்பியதையே முதலில் காணும் என்பதை இத்துறை அப்போது நன்கு உணர்ந்தது.

துல்லியத்தின் தீர்ப்பு

1989 முதல் 2000 வரை செர்னில் 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள சுரங்கத்தில் எலெக்ட்ரானும் பாசிட்ரானும் மோதவிடப்பட்டன. எல்.இ.பி. என்ற அந்த முடுக்கியில் நான்கு குழுக்கள் சேர்ந்து ஏறத்தாழ 1 கோடியே 70 இலட்சம் இசட் சிதைவுகளைப் பதிவு செய்தன. இசட் துகளின் ஆயுளை அளந்து, இலேசான நியூட்ரினோ வகைகள் எத்தனை என்று கணக்கிட்டனர். இறுதி விடை 2.984, பிழை எல்லை 0.008. அதாவது மூன்றே. நான்காவது இல்லை. ஒரு நியூட்ரினோவையும் பிடிக்காமலே அவற்றை எண்ணி முடித்த இச்செயல், இன்மையை அறிவாக்கிய முதல் தரமான எடுத்துக்காட்டு.

அதே துல்லியம் மற்றொரு கோட்பாட்டையும் வீழ்த்தியது. ஹிக்ஸ் துகளே இல்லை, புதிய வலிய விசை ஒன்று அதன் பணியைச் செய்கிறது என்ற டெக்னிகலர் கோட்பாட்டை வைன்பர்க்கும் லெனார்ட் சஸ்கிண்டும் 1970களின் பிற்பகுதியில் முன்வைத்திருந்தனர். அதன் எளிய வடிவங்கள் இசட் துகளின் பண்புகளில் சிறு மாற்றங்களை எதிர்பார்த்தன. அளவீடுகளில் அம்மாற்றங்கள் இல்லை. கோட்பாட்டின் துகள்களைத் தேடிப் பிடிக்க முடியாத ஆற்றலிலும், அவற்றின் நிழல் விழவில்லை என்பதைக்கொண்டே அவ்வடிவங்கள் விலக்கப்பட்டன.

மீச்சமச்சீர்மை இந்தத் துல்லியச் சோதனையில் தப்பியது. அதன் துகள்கள் போதிய கனமுடையவையாயின் சுவடே தெரியாமல் விலகி நிற்கும். ஆனால் நேரடித் தேடலில் அவை கிடைக்கவில்லை. சார்ஜினோ என்னும் இணைத்துகள் இருப்பின், பெரும்பாலான வகைகளில் அது 103 கிகா எலெக்ட்ரான்வோல்ட்டுக்குக் கீழே இல்லை என்று எல்.இ.பி. காட்டிற்று. ஃபெர்மி ஆய்வுக்கூடத்தின் டெவட்ரான் 2011 செப்டம்பர் 30 வரை இயங்கி எல்லைகளை மேலும் உயர்த்திற்று. எல்லோருடைய கண்களும் அடுத்த எந்திரத்தை நோக்கின.

பெரு மோதல்

எல்.இ.பி. இருந்த அதே சுரங்கத்தில், புரோட்டான்களை மோதவிடும் எல்.எச்.சி. அமைக்கப்பட்டது. 2008 செப்டம்பர் 10ஆம் நாள் இயங்கத் தொடங்கி, ஒன்பதே நாளில் காந்த இணைப்பொன்று பழுதுபட்டு, ஓராண்டுக்கு மேல் நின்றது. 2010 மார்ச்சில் 7 டெரா எலெக்ட்ரான்வோல்ட் ஆற்றலில் மோதல்கள் தொடங்கின. 2015இல் 13 ஆகவும், 2022இல் 13.6 ஆகவும் அவ்வாற்றல் உயர்ந்தது. அட்லஸ் என்னும் உணர்கருவி 46 மீட்டர் நீளமும் 25 மீட்டர் உயரமும் 7000 டன் எடையும் உடையது. நொடிக்கு ஏறத்தாழ 100 கோடி மோதல்கள் நிகழ, அவற்றுள் ஓராயிரம் அளவிலான நிகழ்வுகளே நிலையாகச் சேமிக்கப்படும். எதை விடுவது என்பதை எந்திரம் கணப்பொழுதில் முடிவு செய்ய வேண்டும்.

இம்முயற்சியில் இந்தியாவுக்கும் பங்குண்டு. முடுக்கியின் காந்தங்களைத் தாங்கும் நுண்ணளவுத் தாங்கிகள் ஆயிரக்கணக்கில் நம் நாட்டில் செய்யப்பட்டவை. சி.எம்.எஸ். உணர்கருவியின் வெளி ஹாட்ரான் ஆற்றல்மானியை அமைத்ததில் மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் முதன்மைப் பணியாற்றியது. மீச்சமச்சீர்த் துகள்களை மோதல் முடுக்கிகளில் எவ்வாறு தேடுவது என்பதில் வாழ்நாள் உழைப்பைச் செலுத்தியவர்களுள் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் ரோகிணி கோட்போலே குறிப்பிடத்தக்கவர். மானுவல் டிரீஸ், புரோபிர் ராய் ஆகியோருடன் இத்துகள்களைப் பற்றிய பெருநூலை 2004இல் அவர் வெளியிட்டார். 2024இல் அவர் மறைந்தபோதும் தேடப்பட்ட துகள் தென்படவில்லை.

2012இல் ஹிக்ஸ் துகள் 125 கிகா எலெக்ட்ரான்வோல்ட்டில் அகப்பட்டது இருபொருள் தரும் செய்தியாக அமைந்தது. மீச்சமச்சீர்மையின் எளிய வடிவம் ஹிக்ஸ் நிறை ஏறத்தாழ 135க்கு மேல் போகாது என்றது, அது நிறைவேறிற்று. ஆனால் 125 என்ற அளவை எட்டுவதற்கு இணைத்துகள்கள் மிகக் கனமாக இருக்க வேண்டும். அவை கனக்கக் கனக்க, கணக்கில் ஒரு காசு எஞ்சிய புதிர் மீண்டும் தலைகாட்டும். எந்தக் குறையைத் தீர்க்கக் கோட்பாடு பிறந்ததோ அக்குறையே அதன் உள்ளே நுழைந்தது.

நேரடித் தேடலிலும் எல்லைகள் ஏறின. குளுவானின் இணையான குளுயினோ, பொதுவாக ஆராயப்படும் வகைகளில் 2 டெரா எலெக்ட்ரான்வோல்ட்டுக்குக் கீழே இல்லை என்பது இன்றைய நிலை. மறைமுகச் சோதனை ஒன்றும் குறிப்பிடத்தக்கது. பி.எஸ். மேசான் என்னும் துகள் இரண்டு மியூவான்களாகச் சிதைவது மிக அரிது; 100 கோடியில் மூன்று அல்லது நான்கு முறையே நிகழும் என்பது திட்ட மாதிரியின் கணக்கு. மீச்சமச்சீர்மையின் சில வடிவங்கள் இதனைப் பன்மடங்கு கூட்டியிருக்கும். 2012இல் எல்.எச்.சி.பி. குழு இச்சிதைவின் முதல் சான்றைக் கண்டது, 2015இல் சி.எம்.எஸ். குழுவுடன் சேர்ந்து அதனை உறுதி செய்தது. எண்ணிக்கை திட்ட மாதிரி சொன்னபடியே இருந்தது.

2000ஆம் ஆண்டில் கோப்பன்ஹேகன் நகரில் இயற்பியலார் சிலர், எல்.எச்.சி.யில் மீச்சமச்சீர்மை வெளிப்படுமா என்று பந்தயம் கட்டியிருந்தனர். 2016 ஆகஸ்டில் அதே நகரில் கணக்குத் தீர்க்கப்பட்டது. வெளிப்படும் என்றவர்கள் தோற்று, மதுக்குப்பிகளை வழங்கினர். தோற்றவர் வரிசையில் நோபல் பரிசாளர் டேவிட் கிராஸும் இருந்தார்.

எட்டு மாதத் திருவிழா

இதே காலத்தில் நிகழ்ந்த மற்றொன்று நினைக்கத்தக்கது. 2015 டிசம்பர் 15ஆம் நாள் அட்லஸ், சி.எம்.எஸ். குழுக்கள் இரண்டும், ஒளித்துகள் இணைகளின் ஆற்றல் வரைபடத்தில் 750 கிகா எலெக்ட்ரான்வோல்ட்டை ஒட்டிச் சிறு மேடு தெரிவதாக அறிவித்தன. திட்ட மாதிரியில் அங்கே எதுவும் இருக்கக்கூடாது. எட்டே மாதங்களில் அதனை விளக்கி ஏறத்தாழ 500 கட்டுரைகள் எழுதப்பட்டன. 2016 ஆகஸ்டில் சிகாகோ மாநாட்டில், பன்மடங்கு மிகுந்த தரவுடன் இரு குழுக்களும் மீண்டும் வந்தபோது மேடு மறைந்திருந்தது. அஃது ஒரு புள்ளியியல் ஏற்றத்தாழ்வு, அவ்வளவே.

இதில் தவறு செய்தவர் எவருமில்லை. குழுக்கள் கண்டதைக் கண்டபடியே, எச்சரிக்கையுடன் கூறின. நாணயத்தைப் பத்துமுறை சுண்டித் தொடர்ந்து தலையே விழுந்தால் வியப்போம். ஆயிரம் பேர் சுண்டினால் அவர்களுள் ஒருவருக்கு அவ்வாறு விழுவது வியப்பன்று. ஆயிரம் இடங்களில் தேடுவோருக்கு ஓரிடத்தில் மேடு தெரிவது இயல்பே. ஆகவேதான் இத்துறையில் ஐந்து சிக்மா என்னும் அளவுகோல் வைக்கப்பட்டது. தற்செயலால் அத்தகைய மிகுதி தோன்றும் வாய்ப்பு ஏறத்தாழ 35 இலட்சத்தில் ஒன்று. முடிவு தம் விருப்பத்தால் சாயாதிருக்கத் தரவின் முக்கியப் பகுதியை மூடிவைத்து, முறையை எல்லாம் வகுத்து முடித்த பின்னரே திறந்து பார்க்கும் வழக்கமும் உருவாயிற்று.

ஐயங்கள் அதன்பின்னும் எழுந்தன. பி மேசான்கள் எலெக்ட்ரானையும் மியூவானையும் ஒருநிலையில் நடத்தவில்லை என்று 2021இல் எல்.எச்.சி.பி. குழு கருதியது, 2022 டிசம்பரில் அதே குழு, எலெக்ட்ரானாகத் தவறிக் கொள்ளப்பட்ட பிற துகள்களைக் களைந்தபின் வேறுபாடு இல்லை என்று தானே அறிவித்தது. 2022 ஏப்ரலில், டெவட்ரானின் பழைய தரவைக்கொண்டு சி.டி.எஃப். குழு டபிள்யூ துகளின் நிறையை 80,433.5 மெகா எலெக்ட்ரான்வோல்ட் என்று கண்டது. திட்ட மாதிரியின் எண் 80,357. பிழை எல்லையைக் கருதினால் இது மிகப் பெரிய வேறுபாடு. 2024 செப்டம்பரில் சி.எம்.எஸ். குழு தந்த எண்ணோ 80,360.2. அது திட்ட மாதிரியோடு ஒத்துப்போகிறது. ஓர் அளவீட்டை மற்றோர் அளவீடு எதிர்நின்று வினவுவதே இத்துறையின் அறம்.

இல்லை என்பதன் கணக்கு

இனி அபாவத்துக்கு வருவோம். ஒரு துகள் இல்லை என்று இவர்கள் எவ்வாறு துணிந்து சொல்கின்றனர்? முதலில், அத்துகள் இருந்தால் நம் தரவில் எத்தனை நிகழ்வுகள் தோன்றியிருக்கும் என்று கணக்கிடுவர். உணர்கருவி எத்தனையைத் தவறவிட்டிருக்கும் என்பதையும் அதில் கழிப்பர். மூன்று நிகழ்வுகள் எதிர்பார்க்கப்பட்டு ஒன்றுகூடக் கிடைக்கவில்லையெனின், துகள் இருந்தும் அவ்வாறு நேரும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்து. ஆகவே 95 விழுக்காடு உறுதியுடன் இல்லை என்பர். இருந்திருந்தால் தெரிந்தே தீரும் என்று மீமாஞ்சையார் இட்ட நிபந்தனை இங்கே எண்ணுருவம் பெற்றிருக்கிறது.

ஆதலின் இந்த 'இல்லை'க்கு எல்லையும் உண்டு. இன்ன நிறைக்குக் கீழே, இன்ன வழியில் சிதைவதாகக் கொண்டால், இன்ன அளவு உறுதியுடன் இல்லை என்பதே அதன் முழு வாசகம். இணைத்துகள்களின் நிறைகள் ஒன்றுக்கொன்று மிக நெருங்கி இருந்தால் எச்சம் சிறுத்துப்போகும், தேடலுக்குத் தப்பக்கூடும். வெளிச்சம் படாத மூலைகள் இன்னும் உண்டு. கோட்பாடு முற்றும் பொய் என்று எவரும் நிறுவவில்லை. அது வாக்களித்த இடத்தில், வாக்களித்த வேளையில் வரவில்லை என்பதே நிறுவப்பட்டிருக்கிறது.

ஒருமுறை ஈட்டிய தரவு பின்வரும் தலைமுறைக்கும் பயன்படும். ஹாம்பர்க்கில் 1979 முதல் 1986 வரை இயங்கிய ஜேட் குழுவின் தரவை, பத்தாண்டுகளுக்கும் மேலான இடைவெளிக்குப் பின்னர் மீட்டெடுத்து, புதிய முறைகளால் ஆராய்ந்து, வலிய விசையின் வலிமை ஆற்றலுக்கேற்ப மாறுவதைத் துல்லியமாகக் கண்டனர். பரணில் கிடந்த ஏடுகளைத் தேடி எடுத்துப் படித்துத் தமிழ் தன் செல்வத்தை மீட்டதை அறிந்த நமக்கு, இதன் அருமை எளிதில் விளங்கும். சி.எம்.எஸ். குழு 2014 முதல் தன் தரவின் பகுதிகளைப் பொதுமக்களுக்கே திறந்துவிட்டிருக்கிறது. இன்று ஒருவரும் எண்ணாத கோட்பாட்டை நாளை ஒருவர் எண்ணினால், அதனை இதே தரவில் சோதிக்க இயலும்.

மோதல்களின் எண்ணிக்கையைப் பன்மடங்கு பெருக்கும் எல்.எச்.சி.யின் அடுத்த கட்டம் 2030ஐ ஒட்டித் தொடங்கத் திட்டமிடப்பட்டுள்ளது. 91 கிலோமீட்டர் சுற்றளவுள்ள புதிய வளையத்துக்கான ஆய்வறிக்கையைச் செர்ன் 2025இல் வெளியிட்டது. இத்துணைப் பொருட்செலவில் மற்றோர் 'இல்லை'யை வாங்குவதா என்று கேட்போரும் உளர். அக்கேள்வியை எளிதாகத் தள்ளிவிட முடியாது. டெராப் பகுதியில் புதிய துகள் நிச்சயம் என்று உறுதி கூறிய குரல்கள் முன்னே இருந்தன. அவ்வுறுதி இப்போது எவரிடமும் இல்லை. ஆனால் தேடாமல் விட்டால் கிடைப்பது 'இல்லை' என்னும் விடை அன்று, அறியாமை மட்டுமே. இருட்டறையில் நிற்பவனுக்கும் விளக்கேற்றித் தேடியவனுக்கும் குடம் கிடைக்காமை ஒன்றே, அறிவு ஒன்றன்று.

அழகை நம்பியவர்கள் ஏமாந்தார்கள் என்று முடிப்பது முறையாகாது. அழகு அவர்களை எங்கே தேடவேண்டும் என்று ஆற்றுப்படுத்தியது; அந்த வழியில் நடந்ததால்தான் துல்லியமான கருவிகளும், பின்னணியைக் கணக்கிடும் ஒழுக்கமும், தன் விருப்பத்தைத் தானே ஐயுறும் மனமும் வாய்த்தன. பரிசில் பெறாமலே மீண்ட புலவரும் வழியை அறிந்துதான் மீண்டனர். கவிதையில் அழகு தனக்குத் தானே சான்றாகி நிற்கலாம். இயற்கையைப் பற்றிய கூற்றில் அவ்வுரிமை அதற்கு இல்லை. அங்கே அது விண்ணப்பம் மட்டுமே. நாற்பது ஆண்டுகளாக அந்த விண்ணப்பத்தை முகம் சுளிக்காமல் கேட்டு, தாம் நேசித்த கோட்பாட்டுக்கு எதிராகவே கணக்கை நேர்மையாக எழுதிய ஆயிரக்கணக்கானோரின் உழைப்பு, வஞ்சி நகரத்து அளவைவாதியின் எட்டாம் அளவைக்கு நம் காலம் எழுதிய உரையாகும்.